பந்து போன பிறகு

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல். மைதானம் முழுக்கச் சேறு. ஆறு மணிக்கே பதினோரு பிள்ளைகளும் (களத்தில் ஒன்பது, மாற்றுக்கு இரண்டு) ஆஜர். நான்தான் ஆபீசுக்கு லேட்.

நேற்றைய கால்பந்து ஆட்டத்திலும் தோல்வி, 2-1. வாங்கிய இரண்டு கோலும் ஒரே மாதிரி. நாங்கள் அடிக்கப் போவோம், பந்து பறிபோகும், அவர்கள் அப்படியே திருப்பி ஓடிவந்து போட்டுவிடுவார்கள். நம்மவர்கள் நின்று வேடிக்கை. பதின்மூன்று வயதுக்குள் இவ்வளவு வேகமான பெண் பிள்ளைகள் பெங்களூரிலேயே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். ஆனால் பந்து போனதும் மூன்று நொடி மரம் மாதிரி நிற்கிறார்கள். மூன்று வாரமாகத் திட்டுகிறேன்.

ஞாயிறு கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் டிவிஷன். டிரா போதாது.

வாங்க: விசில், க்ரீப் பேண்டேஜ், வாழைப்பழம்.

ஜூலை 8, செவ்வாய்

கோல்கீப்பர் ஷர்மிளாவின் அப்பா (ஸ்ரீராம்புரம், ஆட்டோ) ஆட்டம் முழுவதையும் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறார். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "மேடம், என் பொண்ணு புடிச்சத மட்டும் பாருங்க, உட்டத உட்ருங்க."

மதியம் கேன்டீனில் பார்த்தேன். பந்து போனதும் யார் யார் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள.

ஃபைசா: தலையில் கை.
மோனிஷா: தலையில் கை.
கிரேஸ்: தலையில் கை, பிறகு இடுப்பில்.

கோட்டுக்கு வெளியே இன்னொருத்தி. அவளும் தலையில் கை. நான்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் கைதான் முதலில் மேலே போகிறது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், பிறகு அதையே செய்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

வானம் வெளுத்தது. பிள்ளைகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எங்கள திட்டுனதெல்லாம் என்னக்கா?"

"தப்புதான்டி."

புதுப் பயிற்சி: நாலுக்கு நாலு. நான் விசில் அடித்தால் பந்து எதிராளிக்கு. ஐந்து எண்ணுவதற்குள் எல்லோரும் நம் கோலுக்கும் பந்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். தலையில் கை வைத்தால் மைதானம் ஒரு சுற்று. எனக்கும் சேர்த்து.

பிள்ளைகள் ஒரு சுற்று. நான் மூன்று. "பேகா பேகா, சீக்கிரம் அக்கா!" என்று ஃபைசா விரட்டினாள். முழங்கால் வீக்கம். ஐஸ் வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

மழை. பாதிப் பயிற்சி. ஃபைசாதான் கவலை. காலில் பந்து இருந்தால் புயல், இல்லையென்றால் கடைக்குப் போகிற நடை. நாளை வெளியே உட்காரவைக்கலாமா? கேட்டே விட்டேன், ஏன் திரும்பி ஓட மாட்டேன் என்கிறாய் என்று.

"திரும்பி ஓடி வர்றதுக்குள்ள அவங்க கோல் போட்டுர்றாங்கக்கா. அப்புறம் எதுக்கு ஓடணும்?"

நியாயமான கேள்வி. இருந்தாலும் கடுப்பு. அரை மனதோடு இறக்குகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில்! 1-0. மேல் டிவிஷன்!

மோனிஷா முதல் பாதியில் போட்டது. அதற்குப் பிறகு உயிரே போய்விட்டது. கடைசி நிமிடம் நமக்குக் கார்னர். புத்தி கெட்டுப்போய் எல்லோரையும் மேலே ஏறச் சொன்னேன். பந்து பறிபோனது. அவர்கள் பக்கம் இரண்டு பேர் பந்தோடு பறக்கிறார்கள், நம் பக்கம் ஷர்மிளா தனியாக.

என் கை அதுபாட்டுக்குத் தலைக்குப் போய்விட்டது.

அந்தக் கோடியிலிருந்து மைதானத்தின் முழு நீளமும் ஓடிவந்தாள் ஃபைசா. காலை நீட்டி, கட்டைவிரலால் பந்தைத் தட்டி வெளியே தள்ளினாள். ஆட்டம் முடிந்த விசில்.

அவள் பின்னாலேயே மற்ற ஏழு பேரும் வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் என்னைத் தாண்டித்தான் ஓடினார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பிள்ளைகள்.