ஜெர்மனியிலிருந்து வந்த போன் தாங்கி

பாலையூற்று,
திருகோணமலை.
வியாழக்கிழமை

என் அன்பு மகன் நிதுசனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், முப்பது வருடமாக எல்லாருக்கும் அப்படித்தான் எழுதி வருகிறேன், ஆனால் இந்தத் தடவை அது பாதிதான் உண்மை. நான் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன், நம்புவதற்குச் செலவா என்ன. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு நான் வாய் திறக்கமுன் முறைக்கிறார், வட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அந்தப் போனும் அவருடைய சட்டைப் பையில்தான் கிடக்கிறது. இப்போது மீன் வாங்கப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போன மாதம் நீ சொன்ன கதையை நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் கொம்பியூட்டருக்குள் கணக்காலேயே ஒரு செய்மதி கட்டினீர்களாம், செக்கனுக்கு நாற்பத்திரண்டு தரம் குலுக்கும்போதுதான் அது ஆகக் கூடுதலாக அதிரும் என்று கணக்குச் சொன்னதாம், ராக்கெட்டில் ஏற்றப் போகிற உண்மையான செய்மதியைக் குலுக்கும் மேசையில் பூட்டிப் பார்த்தால் முப்பத்தேழிலேயே அதிர்ந்துவிட்டதாம். கணக்கில் உலோகத்தின் விறைப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு, இரண்டும் பொருந்திவிடும், அறிக்கையை அனுப்பலாம் என்று உன் மேலதிகாரி சொன்னாராம். நீ மாட்டேன் என்று நின்று, முதலில் அதிர்வை அளக்கிற கருவிகள் சரியா என்று பார்த்து, பிறகு ஒவ்வொரு மூட்டாகத் தேடி, கணக்கில் அசையவே அசையாது என்று போட்டிருந்த ஒரு மூட்டு உண்மையில் அசைகிறது என்று கண்டுபிடித்தாயாம். பொருந்தினால் போதாது அம்மா, ஏன் பொருந்தவில்லை என்று தெரிய வேண்டும் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெயரூபி நீதான் ராக்கெட்டை ஓட்டுகிறாய் என்று விளங்கிக்கொண்டாள், நானும் திருத்தப் போகவில்லை.

இனி உன் கெட்டித்தனத்தைப் பார்ப்போம். தை மாதத்திலிருந்து வீடியோவில் கதைக்கும்போது எங்கள் படம் ஆடுகிறது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். ஓர்ஸ் ஹில் பக்கம் சிக்னல் கோபுரத்தில் பிழை என்றார் அப்பா. சிக்னல் போனால் படம் நிற்கும், ஆடாது என்று எனக்கே தெரியும். செய்மதியின் நடுக்கத்தை மயிரிழை பிசகாமல் அளக்கிற என் பிள்ளை மட்டும் அதை அப்படியே நம்பினான். நம்பியதோடு நிற்காமல் ஒரு போன் தாங்கியும் வாங்கி அனுப்பினாய், நல்ல பாரமான சாமான். அதில் போனை வைத்த நாளிலிருந்து படம் ஆடவில்லை, இப்போது பிரச்சினை தீர்ந்தது அப்பா என்று சிரித்தாய். உன் மேலதிகாரி செய்யச் சொன்ன வேலையைத்தான் தம்பி நீயும் செய்திருக்கிறாய். ஆடியது அப்பாவின் வலக்கை.

எனக்கும் முதலில் தெரியாது, அப்பாவிடம் திருத்த வந்த கிண்ணியா முனாப்பின் வள்ளத்து இஞ்சின்தான் காட்டிக்கொடுத்தது. அப்பா இஞ்சினை ஓடவிட்டு உள்ளங்கையை மேலே வைத்தாரென்றால் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், அந்தக் கையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. முனாப்பின் இஞ்சின் கூடுதலாக அதிர்கிறது என்று அடியில் இருக்கிற ரப்பரை இரண்டு தரம் மாற்றினார். பிறகும் கையை வைத்துக்கொண்டு, இன்னும் அதிர்கிறது என்றாராம். இஞ்சினை நிப்பாட்டி எவ்வளவு நேரம் அண்ணே, இப்பவும் அதிருது எண்டுறீங்களே என்று முனாப் கேட்டிருக்கிறார். அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் முனாப் குசினி வாசலில் நின்று எனக்கு மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார், கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன், தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் கேட்கிறார், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு டீவி பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது மகன். நரம்பு டொக்டர் செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்குக்கு வருகிறார், மருந்து எடுத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறார்கள். உன் அப்பா, எனக்கொண்டுமில்லை, அங்கயெல்லாம் வர ஏலாது என்கிறார். அவருடைய கணக்கில் எதுவுமே அசையாது.

நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். போன் தாங்கியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு நீ போன் எடுக்கும்போது படம் ஆடும். சிக்னலைப் பற்றிக் கதைக்காமல், கை ஏன் நடுங்குது அப்பா என்று நேரே கேள், செவ்வாய்க்கிழமை போகச் சொல். கோணேசர் உன்னைக் காப்பார், உன் செய்மதியையும் சேர்த்துத்தான். தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன் அம்மா,
சுலோஜனா

மகன், கடிதத்தை மடிக்கமுன் அப்பா மீன் பையோடு பின்னால் வந்து நின்று முழுவதையும் வாசித்துவிட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். ரப்பர் மாத்தினது ரெண்டு தரமில்லை, மூண்டு தரம், பிழையா எழுதாதையும் என்றார். பிறகு பேனையைக் கேட்டார். மூன்று மாதமாக என் முன்னால் அவர் பேனை பிடித்ததில்லை. தாளைப் பிடிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், அவன் உள்ளபடி பாக்கட்டும் என்றார். கீழே இருப்பது அவர் வைத்த கையெழுத்து.

அப்பா,
க. இராசநாயகம்