தேஜுவின் விரல்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தின் மேலேயே இஸ்திரி. ஒரே வாடை.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. தேஜுவுக்கு சாக்ஸ். அயர்லாந்துக் கடிதம்.

கடைசியை மட்டும் முடித்தேன். ஆறாவது கடிதம். தேஜுவின் பள்ளிக்கும் அயர்லாந்தில் ஒரு பள்ளிக்கும் கூட்டு. இங்கே ஒரு பிள்ளை, அங்கே ஒரு பிள்ளை. மாதம் ஒரு கடிதம், எங்கள் பக்கம் பிள்ளையே கம்ப்யூட்டரிலோ போனிலோ டைப் அடிக்க வேண்டும், பிறகு அதை வாய்விட்டுப் படித்து வீடியோ. படிப்பும் வளரும், கம்ப்யூட்டரும் பழகும் என்றார்கள். தேஜுவுக்கு வாய்த்தவள் பெயர் ஓர்லா.

முதல் கடிதத்துக்கு தேஜு தமிழில் சொன்னாள், நான் இங்கிலீஷில் போட்டேன். அதில் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். மூன்றாவதிலிருந்து அவள் டிவி முன்னால், நான் போனோடு. சித்தூரில் மூன்று வருஷம் பி.எஸ்ஸி. படித்தது இதற்காவது ஆயிற்று.

வீடியோவுக்கு முன்னால் வரி வரியாக நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். நாலு நாளில் மனப்பாடம். வரிக்குக் கீழே விரலை நகர்த்துவதும் நான் சொல்லிக்கொடுத்ததே. அச்சு அசல் படிக்கிற மாதிரி.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாக்ஸ் வாங்கிக்கொண்டு வரும்போது சும்மா கேட்டேன், அந்த பஸ் எங்கே போகுது, போர்டைப் பார்த்துச் சொல்லு.

"கார்வேட்டிநகரம்." உடனே சொன்னாள். சரிதான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி.

"எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"அந்த மீசை டிரைவரு தினிக்கும் அதுலதான மா போறாரு."

பக்கத்து பஸ்ஸைக் காட்டினேன். போர்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

பத்து வயது. ஐந்தாவது. வீட்டில் தமிழ், விளையாட்டில் தெலுங்கு, புத்தகத்தில் இங்கிலீஷ். மூன்றும் பேசுவாள். ஒன்றும் படிக்க வராது. எனக்கு எப்போதிலிருந்து தெரியும்? ரொம்ப நாளாகத் தெரியும். இன்றுதான் எழுதுகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

பள்ளியிலிருந்து மெசேஜ். நாளை மூன்று மணிக்கு, திருப்பதி பிராஞ்சில், நேரடி வீடியோ கால். ஓர்லா தேஜுவின் புதுக் கடிதத்தைப் படிப்பாள், தேஜு ஓர்லாவுடையதை. அங்கேயே, அப்போதே கையில் கொடுப்பார்கள். முன்கூட்டித் தர மாட்டார்கள்.

மூன்று தடவை படித்தேன். ஷைலஜா மேடத்துக்கு போன் போட்டேன். வகுப்பு டீச்சர், இந்தக் கூட்டு வேலையெல்லாம் அவர் தலையில்தான். வேறு பிள்ளை யாரையாவது கூட்டிப் போகக் கூடாதா என்றேன்.

"தேஜுதான் அம்மா. வேற யாரை நம்பறது? வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுவீங்களா?"

"கொஞ்சம் கொஞ்சம்," என்றேன். என்ன வாய் இது.

ஓர்லாவின் பழைய கடிதங்களைப் படுக்கையில் வரிசையாக வைத்தேன். எல்லாம் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பியவை. முதலாவதில் ஆறு வரி, அதில் பாதி அடித்தல். அவளுக்கும் படிப்பு கஷ்டம் என்று அவள் டீச்சர் எழுதியிருந்தார். இரண்டாவதில் பத்து வரி. ஐந்தாவது ஒரு முழுப் பக்கம். ஏரியில் தண்ணீர் நிரம்பியதை நான் எப்படி எழுதினேனோ, அதே மாதிரி தன் ஊர் ஆற்றை எழுதியிருக்கிறாள். வாக்கியங்கள்கூட என்னுடையவை போல. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு இல்லை.

தேஜு அப்பா ஸ்ரீசிட்டி கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம்கிட்ட சொல்லிடு மே."

"இன்னான்னு?"

"நீதான் எழுதனன்னு."

"அப்பறம் அவள இன்னான்னு பேசுவாங்க?"

"நாளைக்கி மட்டும் இன்னா, மாலையா போடப்போறாங்க?" ஷூ மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று காலையில் அவள் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"இன்னிக்கி வேணாமாடி?"

"ஓர்லா காத்துக்கினு இருப்பா மா."

திருப்பதி. ஏசி ரூம், பெரிய திரை. பின் வரிசையில் என்னை உட்காரவைத்தார்கள். முதலில் ஓர்லா. என் கடிதத்தைப் படித்தாள். விரலை வைத்து, நிறுத்தி, திரும்பப் போய், மறுபடி எழுத்துக் கூட்டி. ஒரு வார்த்தையில் மூன்று முறை மாட்டி, மீண்டு வந்தாள். அவள் டீச்சர் உதவவில்லை. காத்திருந்தார்.

பிறகு தேஜு கையில் தாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். கணீரென்று ஆரம்பித்தாள். "அன்புள்ள ஓர்லா, எங்கள் ஊரில் மாந்தோப்புகள் அதிகம்..." இங்கிலீஷில், தங்குதடையில்லாமல். என் போன மாதக் கடிதம். முழுவதும். விரல் ஓர்லாவின் எழுத்துகள் மேல் நிதானமாக நகர்ந்துகொண்டே இருந்தது. சரியான இடத்தில் தாளைத் திருப்பினாள்.

இங்கே எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே இல்லை.

ஓர்லா மெதுவாகச் சொன்னாள், அது உன் கடிதம், என்னுடையது என் நாயைப் பற்றி.

தாள் மாறிவிட்டது என்று ஷைலஜா மேடம் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். அடுத்த பிள்ளைக்குப் போனார்கள்.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "மேடம், அந்தக் கடிதமெல்லாம் நான்..."

"தெலுசம்மா. தெரியும். பத்து வயசுப் பிள்ளை எழுதுற எழுத்தா அது?"

"அப்போ ஏன் மேடம்?"

"கிளாஸ்ல பாதிப் பேருக்கு இதே கதி. உங்க பொண்ணுதான் தடுமாறாம சொல்லும். தாள் மாறிடிச்சுன்னே நீங்களும் சொல்லுங்க. பரவாலேது." தோளைத் தட்டிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் தேஜு ஜன்னல் பக்கம். அழுவாள் என்று காத்திருந்தேன். வடை கேட்டாள். தின்று முடித்து, கையை என் புடவையில் துடைத்தாள்.

"நான் நல்லா படிச்சன் இல்லமா?"

தலையாட்டினேன்.

"ஓர்லா பாவம் மா. அவளுக்கு இன்னும் படிக்கவே வர்ல. நிறுத்தி நிறுத்திப் படிக்கறா."



நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம். கேஸ் தீர்ந்தது.

பள்ளி குரூப்பில் மெசேஜ். டிசம்பர் கடிதம் இருபதாம் தேதிக்குள், இதே தரத்தில்.

பதில் போடவில்லை. டிவியை அணைத்தேன். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மேலே இருக்கிற பெரிய எழுத்தை மட்டும் படி, அவசரமே இல்லை என்றேன். சமர்த்தாக சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள், அழகாக. என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல நீ சொல்லு மா."