மஞ்சள் முக்கோணம்

12 ஆகஸ்ட் 1983, வெள்ளி

அரியலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நான் வரைந்த வண்ணக் கட்டங்களுக்கு நடுவே, அந்த மஞ்சள் முக்கோணம் மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் அதை நீலத்தால் மூடிவிட்டு, சுவரின் எதிர்க்கோடியில் அதே மாதிரி மஞ்சள் முக்கோணம் ஒன்றைப் புதிதாக வரைந்தேன்.

மதியம் அதன் கீழே ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு நின்றிருந்தாள்.

"தஞ்சாவூர் பஸ் இன்னும் வரலீங்களே, பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள்.

அந்த பஸ் வழக்கமான பழைய இடத்தில் நின்று, புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. அடுத்தது சாயங்காலம்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. மஞ்சளுக்குக் கீழதான எப்பவும் நிக்கும்?"

மாற்றியது நான்தான் என்றேன்.

"எதுக்குங்க மாத்துனீங்க?"

அழகுக்காக என்று சொல்லாமல், மஞ்சள் டப்பாவைத் திறந்தேன்.

இருட்டுவதற்குள் பழைய இடத்திலேயே மஞ்சளை அடித்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லாமல், அந்தக் குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. அழுதிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.