அகத்தாவின் வாட்ச்

அம்மா,

மோரிஸ் எழுதுறேன். நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு, குளுவாங்ல மழையா? போன்ல பேசினா அக்கா ஸ்பீக்கர்ல போட்டுடுவா, அதான் லெட்டர்.

இங்க கரங்கான் எஸ்டேட்ல ஜானிஸ்னு ஒரு ஆர்ட்டிஸ்ட்கிட்ட வேலை. ரப்பர் மரத்துல நான் சென்சர் மாட்டுவேன். மரத்தோட சிக்னலையும் ஆளுங்க நாடித்துடிப்பையும் அவங்க ஒரே சத்தமா கலப்பாங்க. ஏமாத்து வேலைன்னு நெனச்சு ஒயரெல்லாம் பிரிச்சுப் பார்த்தேன். நெசம்தான்.

நேத்து தேத்தண்ணி குடிக்கிறப்ப ஜானிஸ் கேட்டாங்க: "மோரிஸ், உங்க வைஃப் வாட்ச்ல பதிஞ்ச ஹார்ட்பீட் இன்னும் இருக்காமே? குடுங்களேன், மரத்தோட சேர்த்துப் பார்ப்போம்."

"அது ரோசாக் லா மிஸ், ஓடல"ன்னுட்டேன். பொய்தான்.

அகத்தா வாட்ச் என்கிட்ட இருக்கிறது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்தப்ப ஃபாரத்துல உங்க நம்பரத்தான் எழுதினேன். ஜானிஸ் உங்களக் கூப்பிட்டாங்களா? என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, ஒன்னு விடாம எழுதுங்க. அந்த வாட்ச்ல அவ நாடித்துடிப்பு கடைசி நாள் வரைக்கும் பதிஞ்சிருக்கு. நானே இன்னும் தொறந்து பார்க்கல.

அவ வருசப் பூசைக்கு ஃபாதர்கிட்ட பேர் குடுத்துட்டீங்களா? எலுமிச்சங்கா ஊறுகா கொஞ்சம் போஸ்ட்ல அனுப்புங்க, இங்க கடையில கிடைக்கிறது இனிக்குது.

லோரி ஹார்ன் அடிக்குது, போகணும். கோவமெல்லாம் இல்லம்மா. அவ செத்ததுல இருந்து என்கிட்ட அவ பேர நீங்க எடுக்கிறதே இல்ல. யாரோ ஒருத்தங்ககிட்ட அவளப் பத்திப் பேசியிருக்கீங்க. என்கிட்டயும் பேசுங்க.

மோரிஸ்