ஆரஞ்சு அங்கியும் நீல இழையும்

என் அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை பணிவுடன் எழுதுவது. சிரிக்காதே, பணிவு எனக்கும் வரும். நானும் அப்பாவும் நலம். உன் கட்டிலும் நலம். இப்போது அதில் நான்தான் படுக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

முதலிலேயே உடைத்துவிடுகிறேன்: நீ ஜெயித்துவிட்டாய்! கடற்கரை மணலில் நீ எண்ணிய நீல பிளாஸ்டிக் இழைகள் கடலிலிருந்து வந்தவை அல்ல, நீ போட்டிருந்த நீல செயற்கை நூல் ஸ்வெட்டரிலிருந்து உதிர்ந்தவை என்று ஆய்வக மேடம் உன் அறிக்கையைத் திருப்பி அனுப்பினாரே? நீயும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டாயே? அதே அறிக்கையை அதே மேடம் நேற்று ஏற்றுக்கொண்டார்.

எப்படி என்கிறாயா? நானும் அப்பாவும் உன் நோட்டைப் பார்த்து அதே பத்து இடங்களுக்குப் போனோம். அலை ஒதுக்கிய கோட்டில் சதுர மரச்சட்டம் வைத்து, அதற்குள் எஃகுக் கரண்டியால் மேல்மணலை அள்ளிக் கண்ணாடி ஜாடியில் போட்டோம். அதை உப்புக் கரைசலில் கலக்கினால் மணல் சமத்தாக அடியில் உட்காருகிறது. பிளாஸ்டிக் என்னைப் போல, அடங்காமல் மேலே வருகிறது.

உடுப்புதான் விசேஷம். பழைய பருத்தித் திரைச்சீலையை வெட்டி எனக்கும் அப்பாவுக்கும் ஆரஞ்சு அங்கி தைத்தேன். எங்களிடமிருந்து எது உதிர்ந்தாலும் ஆரஞ்சாகக் காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான். அப்பா, "ஏம்மா, நான் பார்க்க ஜன்னல் மாதிரி இல்ல?" என்றார். "வாயைத் திறக்காதீங்கப்பா, காத்து வருது" என்றேன். காற்றில் பறந்து வருவதைப் பிடிக்க, ஒவ்வொரு இடத்திலும் ஈரக் காகிதம் விரித்த தட்டு ஒன்றையும் திறந்து வைத்தோம்.

மேடமே நுண்ணோக்கியில் எண்ணினார். தட்டுகளில் மூன்று ஆரஞ்சு இழை. நீலம் ஒன்றுகூட இல்லை. மணலிலோ நீலம் மட்டும் இருநூற்றுப் பதினேழு! உன் கணக்கு இருநூற்று ஒன்பது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க அக்கா எண்ணினது சரிதான்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். விசில் அடித்தேன். வெளியே போகச் சொன்னார். வெளியே போயும் அடித்தேன்.

இனி விளையாட்டு இல்லை, அக்கா. நீ மணல் எடுக்கப் போன அன்று உன் வெள்ளைப் பருத்திக் கோட்டை வீடெல்லாம் தேடினாயே, அதை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தது நான்தான். கொஞ்ச நேரம் அலறவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நீ நேரமாகிவிட்டது என்று ஸ்வெட்டரோடு ஓடிவிட்டாய். அறிக்கை திரும்பி வந்த அன்று நீ அழுததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே வந்து சொல்லத்தான் கால் வரவில்லை.

வரும் முதல் தேதி நகராட்சிக் கூட்டத்தில் அறிக்கையை வாசிக்க வேண்டும். வாசிப்பவர் என்று மேடம் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். கோட்டைத் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டேன். நிஜமாகவே ஆணியில்தான், அப்பா சாட்சி. என்னைத் திட்டுவதற்காகவாவது நேரில் வா.

கட்டிலை உடனே காலி செய்யக் காத்திருக்கும்,
உன் தங்கை