கோயில் மரம் என்று நான் சொன்ன வாசக்கால்

12-8-73, ஞாயிறு

காலையில் தூறல். பலகைகளை உள்ளே தள்ளினேன். இந்த வருடம் முடித்த பெரிய வேலைகள்:

ஆரணி வாத்தியாருக்குப் பூவரசங்கட்டில். யானை படுத்தாலும் முனகாது.

பேக்டரி மேனேஜருக்கு வாகை மேஜை. மதராசிலேயே இப்படி ஒன்று கிடையாது என்றார். (வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது.)

தங்கச்சி கன்னியம்மாவின் கும்மிடிப்பூண்டி புது வீட்டுக்கு வேப்ப வாசக்கால். மேல்கட்டையில் தாமரை. ஏழு நாள் வேலை. சரி, மூன்று நாள்.

அவள் மகள் மல்லிகாவுக்கு நேற்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. தலைச்சன். உடம்பெல்லாம் மஞ்சள், பால் குடிக்கவில்லை. தொட்டிலுக்கு மாம்பலகை எடுத்து வைத்திருக்கிறேன். இழைக்கப் பயம்.

14-8, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. மல்லிகாவின் மாமியார் எல்லார் எதிரிலும் ஆரம்பித்தார்.

"கோயில் மரத்த அறுத்து வாசக்கால் வச்சிகினு, புள்ள எப்டி தேறும்? அந்த ஊட்டுக்குள்ள என் பேரன் வர மாட்டான்."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள்.

கிரகப்பிரவேசத்தில் சொன்னவன் நான்தான். பெருமாள் கோயில் நந்தவனத்து வேம்பு, காற்றில் சாய்ந்தது, பட்டரே மாலை போட்டுக் கொடுத்தார் என்று. கோயில் மரம் குடியிருக்கும் வீட்டுக்கு ஆகாது என்பது தொழிலில் முதல் பாடம். முப்பது பேர் வாய் பிளந்து கேட்டதில் மறந்துவிட்டது. அன்றைக்கே இந்த அம்மாள் முகம் சுளித்தார். பொறாமை என்று நினைத்தேன்.

உண்மை: ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு வெளியே, மாட்டுக்கு லாடம் அடிக்கிற இடத்தில் நின்ற மரம். இதை வராந்தாவிலேயே சொன்னேன். கன்னியம்மாவின் புருஷன் கையை உதறினார்.

"அன்னிக்கி ஒரு கத, இன்னிக்கி ஒரு கத. எத நம்புறது மச்சான்? மேனேஜர் உனக்குக் கார் அனுப்சாருன்னு கூடத்தான் சொன்ன."

கார் வரவில்லை. வந்தது சைக்கிள்.

17-8, வெள்ளி

மழை விட்டது. குழந்தைக்கு மஞ்சள் இறங்குகிறது. இரண்டு பாலாடை பால் குடித்தான். ஞாயிறு கூட்டிப்போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மாமியார் ஒரே பிடி. வாசக்காலைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் தாயும் பிள்ளையும் நேரே ஆரம்பாக்கம், அவர் வீட்டுக்கு. மல்லிகாவுக்கு அம்மா வீடுதான் வேண்டும். அழுகிறாள்.

சாயங்காலம் கன்னியம்மா பட்டறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நீயே புடுங்கிடுண்ணா. வேற ஆளு அதுல கை வெக்க வாணாம்."

சோறு இறங்கவில்லை. (இரண்டு தோசை மட்டும்.)

பிடுங்கினால் சுவர் விரியும். அது போகட்டும், பூசிக்கொள்ளலாம். ஆனால் பிடுங்கிவிட்டால் அது கோயில் மரம்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்குப் பிள்ளை தும்மினாலும் என் மரம்தான் காரணம்.

சாட்சி ஒன்று உண்டு. அறுக்கும்போது வாள் பல் உடைந்தது. லாடக்காரன் எப்போதோ மரத்தில் அறைந்து வைத்த பழைய லாடம். மரம் அதை விழுங்கி வளர்ந்திருந்தது. எடுக்க வரவில்லை. தாமரையைத் தனியாகச் செதுக்கி அதன் மேல் ஒட்டிவிட்டேன். ஒரே கட்டையில் குடைந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

19-8, ஞாயிறு

நல்ல வெயில். பதினொரு மணிக்குக் கன்னியம்மா வீட்டுக்கு வண்டி வந்தது. மாமியார் குழந்தையோடு தெருவிலேயே நின்றுவிட்டார். அக்கம்பக்கம் எல்லாம் வெளியே.

ஸ்டூல், உளி, சுத்தி. நாலு அடி. தாமரை கையோடு வந்தது, ஓர் இதழ் உடைந்து. அதன் பின்னால் மரத்தோடு மரமாய்த் துருப்பிடித்த லாடம்.

"கோயில் மரத்துல எவன்மா லாடம் அடிப்பான்?" என்றேன்.

"அப்ப தாமர ஒட்டு வேலையா?" கன்னியம்மாவின் புருஷன் கேட்டார்.

"ஒட்டுதான்."

"பட்டரு போட்ட மாலை?"

"போடல."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மாமியார் குழந்தையை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார், அந்த வயதில். விரலால் லாடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இரும்பு இருக்கிற வாசல். கண்ணு படாது. அந்தப் பூவத் திரும்ப ஒட்டாத. இப்டியே இருக்கட்டும்."

கன்னியம்மா ஆரத்தி எடுத்தாள். மல்லிகா வலது காலை எடுத்து வைத்தாள். தாமரை என் சட்டைப்பையில். ஸ்டூலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தினார்.

"இன்னா லாடங்க அது, குதிரையா?"

வெள்ளைக்காரத் துரையின் வெள்ளைக் குதிரை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உள்ளே குழந்தை அழுதது.

"மாடு" என்றேன்.