நேர்ந்த கிடாவும் நீ எழுதிய தீவனச் சீட்டும்

உ

மேலகரம்,
21-1-65

அன்புள்ள மகன் நம்பிராஜனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் உன் தங்கை மாரித்தாயும் உன் கிடாவும் உயிரோடு இருக்கிறோம். கிடாவை ஏன் கூடச் சேர்த்து எழுதுகிறேன் என்பது மேலே படித்தால் தெரியும். அங்கே உன் சளி விட்டதா, சனிக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா என்று ஒரு வரி எழுது. உன் போன கடிதம் நாலு பக்கம் இருந்தது, அதில் உன்னைப் பற்றி இரண்டே வரி, மீதி எல்லாம் ஆட்டுக்கு என்ன போட வேண்டும் என்றுதான். பெற்றவளைவிட ஆட்டின் வயிற்றில் உனக்கு அக்கறை அதிகம் போலிருக்கிறது, நல்லது. மாரித்தாய்க்கு இது ஆறாம் மாதம், இலத்தூரிலிருந்து வந்து பத்து நாளாக இங்கேதான் இருக்கிறாள், புளியங்காயைத் தவிர வேறொன்றும் அவள் வாயில் இறங்கவில்லை. உன் அய்யாவுக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, ஆனால் டீக்கடைக்குப் போகும்போது மட்டும் வலி தெரிவதில்லை.

கார்த்திகையில் உன் கடிதம் வந்ததும் உன் அய்யாவுக்கும் சித்தப்பாவுக்கும் தலைகால் புரியவில்லை. மாடசாமி கோயில் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு லீவு கிடைப்பது சந்தேகம், எனக்காகச் சித்தப்பாவே கிடாவைப் பிடித்துக் கோயிலில் நிறுத்தட்டும், ஆனால் ஊருக்குப் பங்கு போடும்போது குறைச்சல் வரக்கூடாது, அதனால் இப்போதிருந்தே தீவனம் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு சீட்டு. நாளொன்றுக்குக் கடலை பன்னிரண்டு அவுன்ஸ், பார்லி எட்டு அவுன்ஸ், உப்பு அரை அவுன்ஸ், முதல் வாரம் நாலில் ஒரு பங்கில் ஆரம்பித்து வாராவாரம் ஏற்ற வேண்டும், தழையைக் குறைக்கக் கூடாது, புதன்கிழமை தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். அதை உன் சித்தப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தென்காசி வரைக்கும் காட்டாத ஆள் இல்லை. பட்டாளத்து விஞ்ஞானமாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அந்தச் சீட்டை நாற்பது தடவை படித்தார்கள். படித்து என்ன கண்டார்கள்? படிப்படியாக ஏற்ற வேண்டும் என்ற வரி இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. பார்லிக்கு எங்கே போவது என்று சித்தப்பா கேட்க, உன் அய்யா நெல்லுச்சோறு பார்லியைவிட உசத்திதானே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் ஒரு பானை சோறு, சாயங்காலம் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. தழை தின்றால் சதை வற்றிப்போகும் என்று சித்தப்பாவாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, அதை ஐந்தருவிப் பக்கம் மேயப் போகவிடாமல் வாசலிலேயே சோற்றைக் காட்டி நிறுத்திவைத்தார். நான் வேண்டாம் என்றால், ஏட்டி உனக்கு என்ன தெரியும் என்று உன் அய்யா என்னை அடக்கிவிடுவார். இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் ஆடு குட்டி போட்டால் கையை விட்டு எடுத்தவள் நான், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டுக் கயிற்றைக்கூட ஒழுங்காக முடியத் தெரியாத அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

கிடாவும் ஊதியது. வருகிறவர்கள் போகிறவர்கள் முதுகைத் தட்டிப் பார்த்து, யானைக்குட்டி மாதிரி இருக்கே என்று வாயைப் பிளந்தார்கள். அதன் பிறகு மாட்டுப்பொங்கல் வந்தது. நேர்ந்த கிடாவைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, வாசலில் வந்து நின்றால் விரட்டக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் அன்றைக்குத் தெருவில் பதினோரு வீட்டிலும் மாட்டுக்கு வைக்கும் முன்னால் மாடசாமியின் கிடாவுக்கு ஓர் இலையில் பொங்கல் வைத்தார்கள். ஒரு வீட்டுக்காரி சக்கரைப் பொங்கல் வைத்தால் அடுத்தவள் அதில் நெய்யும் விட்டு வைக்கிறாள். புண்ணியத்தில் போட்டி. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் போகிறேன், அடுத்த வீட்டு மாடத்தி என்னைப் பார்த்து, சாமி திங்குத சோத்துல கைய வைக்காத மதினி, ஆகாது என்கிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த ஆடு வந்து வாசலில் விழுந்தது. இடது பக்க வயிறு முரசு மாதிரி விம்மி, வாயில் நுரை, கண் மேலே சொருகிவிட்டது. உன் அய்யா திருநீறு எடுக்கப் போனார். சித்தப்பா உன் சீட்டை எடுத்துப் பார்த்தார், அதில் இதற்கு ஒன்றும் எழுதவில்லை என்றார்.

நம்பிராஜா, அப்போது நான் பயந்தது ஆட்டுக்காக மட்டும் இல்லை. இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். சீனாக்காரன் இறங்கிவிட்டான் என்று பேப்பரில் வந்த அந்த ஐப்பசி கார்த்திகையில் நாற்பது நாள் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அப்போது மூன்று மாதக் குட்டியாக இருந்த இதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய், என் பிள்ளை உயிரைக் கொடு, இதன் உயிரை எடுத்துக்கொள் என்று சொல்லித்தான் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினேன். நேர்ந்தது கொடைக்கு முன்னால் தானாகச் செத்தால் சாமி வேண்டாம் என்று தள்ளிவிட்டதாகத்தான் அர்த்தம். அப்படியானால் உன் உயிருக்கு என்ன கணக்கு? மாரித்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். மாட்டாஸ்பத்திரி பொங்கலுக்குப் பூட்டியிருந்தது. நான் செருப்புகூடப் போடாமல் தென்காசிக்கு ஓடி, கறிக்கடை சேக் தாவூதை அழைத்துவந்தேன். ஆட்டை வெட்டுகிறவனைக் கூட்டி வந்து ஆட்டைப் பிழைக்கவைக்கச் சொன்னவள் என்று உன் சித்தப்பா இன்றைக்கும் கேலி பேசுகிறார். அவர் பேசட்டும். அந்த மனிதர் வந்ததும் வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே வைத்துக் கட்டினார், முன்னங்காலைத் திண்ணைமேல் தூக்கி நிறுத்தினார், கடலை எண்ணெயில் ஓமத்தைத் தட்டிப்போட்டு மூங்கில் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார், இடுப்புக் குழியை ஒரு மணி நேரம் விடாமல் பிசைந்தார். ஒரு பெரிய ஏப்பம் விட்டது பார், அதைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு சேக் தாவூது கிடாவின் முதுகிலும் விலாவிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தார். சித்தப்பா பெருமையாக எவ்வளவு கறி தேறும் என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு, அண்ணாச்சி, இது செம்மறி இல்ல, வெள்ளாடு. நீங்க போடுத சோறு கறியில ஏறாது, அம்புட்டும் கொழுப்பாப் போயி குடலச் சுத்தித்தான் உக்காரும். வெட்டுனா எலைக்கு எலை கொழுப்பத்தான் வைப்பிய. மலையடிவாரத்துல நடந்து தழை கடிச்ச ஆட்டுக் கறின்னா செவப்பா, கெட்டியா, வாயில வச்சா ருசியா இருக்கும் என்றார். வாயில் கையை விட்டுப் பார்த்து, ஆறு பல்லு போட்டாச்சு, காயடிக்காத கிடா வேற, இன்னும் ஒரு வருசம் போனா கறி நாராட்டம் இருக்கும், வாடையும் அடிக்கும், நாய்கூடத் திங்காது என்றார். உன் அய்யாவின் மீசை கீழே இறங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது சோறும் புண்ணாக்கும் நின்றுபோயிற்று. பகல் முழுக்க நான்தான் மேற்கே ஓட்டிக்கொண்டு போகிறேன், ஆலந்தழை, பூவரசு, கொடுக்காப்புளி என்று அதுவாகத் தேடித் தின்கிறது, வீட்டுக்கு வந்தால் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த கடலைக்கொடி, ஒரு கை அவித்த கொள்ளு. ஆறே நாளில் தொப்பை வற்றி ரோமத்தில் பளபளப்பு வந்துவிட்டது.

இனிமேல் எழுதுவதை நீ தனியாக இருந்து படி. கிளம்பும்போது சேக் தாவூது உன் சீட்டை வாங்கிப் பார்த்தார். இதுல ஒரு தப்பும் இல்லையே, படிப்படியா ஏத்துன்னும் தழையக் கொறைக்காதன்னும் சரியாத்தான எழுதியிருக்கான் என்றார். பிறகு என்னை வாசலுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டு, அக்கா, இத எழுதுனவன் ஆட்டுப்பட்டியில வருசக்கணக்கா நின்னவன், தெனம் நிறுத்துப் போட்டுப் பழகுன கை, உங்க மவன் சண்டையில நின்னான்னுல்லா ஊருல சொல்லுதாவ என்று மெதுவாகக் கேட்டார். அன்று ராத்திரி உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். உன் விலாசத்தில் ஊர்ப் பெயர் கிடையாது, வெறும் பட்டாளத் தபால் நம்பர்தான். பனி மலையில் பீரங்கிக்கு முன்னால் நின்றான் என்று டீக்கடையில் கட்டிவிட்டது உன் சித்தப்பா, நீ அதை எழுதவில்லை, ஆனால் இல்லை என்றும் எழுதவில்லை. லீவு இல்லை என்று இரண்டு கொடைக்கும் எழுதினாய், நம்பினேன். இப்போது நம்பவில்லை, நீ நின்றது மலையில் இல்லை, பட்டாளத்து ஆட்டுப்பட்டியில். சாகப் போகாதவனுக்கு ஒரு கிடாவா என்று ஊர் கேட்கும் என்று பயந்துதான் சித்தப்பா கையில் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறாய்.

வெட்கம் கெட்ட பயலே, வெட்கப்பட வேண்டிய இடம் தெரியவில்லையே உனக்கு. மலையில் நின்றவன் எதைத் தின்று நின்றான், காற்றையா? அவன் வயிற்றுக்குக் கறி அனுப்பியவன் எந்த வகையில் மட்டம்? ஒரு சீட்டைப் படித்து ஒரு ஆட்டைக் காப்பாற்றத் துப்பில்லாதவர்கள் சொன்ன வீரக் கதைக்குப் பயந்து பெற்ற தாய் முகத்தைப் பார்க்காமல் இரண்டு வருஷம் ஒளிந்திருக்கிறாயே. நீ சண்டை போட வேண்டும் என்று நான் நேரவில்லை. நீ சாகக்கூடாது என்று நேர்ந்தேன். நீ சாகவில்லை. சாமி தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டது, நான் காப்பாற்ற வேண்டாமா?

சித்தப்பா கையில் கிடாவின் கயிற்றைக் கொடுக்கமாட்டேன், நீ வந்துதான் பிடிக்க வேண்டும், அதை உன் அய்யாவிடமும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டிக்கொள், மாரித்தாய்க்கு ஒரு வரி எழுது. மாடசாமி உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும், கொடுத்ததை ஒளித்துவைக்காத தைரியத்தையும் கொடுக்கட்டும். சித்திரை மூன்றாம் செவ்வாய் கொடை, மறந்துவிடாதே. ஆட்டுக்கு என்ன போட வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், வயசு ஏறுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியாது, கிடாவுக்கும் சரி, எனக்கும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. ரெங்கம்மாள்